அடுப்பு எரிகிறது, விசிறி இரைகிறது

மீன் வறுக்கும் நாளில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போடும் சத்தத்தை யாரும் கோளாறு என்று சொல்வதில்லை. எண்ணெய் காய்கிறது, புகை எழுகிறது, ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. சத்தம் வரத்தான் செய்யும். அடுப்பு அணைந்து கிடக்கும் மதிய வேளையில் அதே ஃபேன் அதே வேகத்தில் இரைந்தால்தான் எழுந்து போய்ப் பார்ப்போம். லேப்டாப்பிடம் மட்டும் நாம் இந்த நியாயத்தைக் காட்டுவதில்லை. உள்ளே இரைச்சல் கேட்டதும் ‘ஃபேன் போச்சு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிப் போகிறோம். பல நேரம் போயிருப்பது ஃபேன் இல்லை. உள்ளே அடுப்பு தேவையில்லாமல் எரிந்துகொண்டிருக்கும்; அல்லது ஜன்னல் அடைத்திருக்கும்.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் தெரிவதும் ஒரு சின்னச் சமையலறைதான். நடுவில் இருக்கும் ப்ராசசர் சிப் அடுப்பு. அதன் மேலிருந்து ஓரம் வரை ஓடும் தட்டையான செம்புக் குழாய், சூட்டைச் சுமந்து போகும் வழி. ஓரத்தில் சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகளில் அந்தச் சூடு பரவுகிறது. தகடுகளை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன். அடிப்பக்கத் துளைகள் காற்று உள்ளே வரும் ஜன்னல்.

இந்த அடுப்புக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் அடுப்பின் சூட்டில் ஒரு பங்காவது சோற்றுக்குள் போகிறது. சிப்புக்குள் போகும் மின்சாரமோ கணக்குப் போட்டு முடித்த கையோடு அநேகமாக முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. 15 வாட் உள்ளே போனால் 15 வாட் சூடு வெளியே வந்தாக வேண்டும். 15 வாட் என்ன பிரமாதம், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் ஆயிற்றே என்று தோன்றலாம். பரப்பைக் கணக்கில் எடுத்தால் கதை மாறிவிடும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தின் அடி சுமார் 314 சதுர சென்டிமீட்டர். 2,000 வாட் அதில் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு வாட் சொச்சம். லேப்டாப் சிப்பின் பரப்போ ஒன்று, ஒன்றரை சதுர சென்டிமீட்டர்தான். அது 30 வாட் இழுக்கும் நேரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 வாட் விழுகிறது. அளவில் கட்டைவிரல் நகம், சூட்டின் நெருக்கத்தில் இண்டக்‌ஷன் அடுப்பைப் போல மூன்று மடங்கு!

30 வாட் எங்கிருந்து வந்தது, 15 வாட் ப்ராசசர் என்றுதானே சொல்லி விற்றார்கள்? அந்த 15 வாட், நாள் முழுக்க நிதானமாக எரியும் அடுப்பின் அளவு. அவசரம் வந்தால் சிப் தன் பர்னரை முழுதாகத் திறந்துகொள்ளும். இன்டெல் இதை ‘டர்போ பூஸ்ட்’ என்ற பெயரில் 2008-இல் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனச் சிப்புகளிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. ஒரு புரோகிராமைத் திறக்கிறீர்கள், சில நொடிகளுக்குச் சிப் தன் வழக்கமான அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் இழுத்து வேலையை முடித்துவிட்டு மறுபடி சிம்முக்கு வருகிறது. தாளிக்கும்போது மட்டும் தீயை ஏற்றுகிற மாதிரி. லேப்டாப் திடீரென்று ‘உஸ்’ என்று இரைந்து அரை நிமிடத்தில் அடங்கினால் அது தாளிப்புச் சத்தம். கவலை வேண்டாம்.

தீயை ஏற்றுவதற்குச் சிப் கொடுக்கும் விலைதான் கொஞ்சம் அநியாயம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் இருமடிப்படி ஏறும். கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்காகப் பெரும் சூட்டைச் சுமக்க வேண்டியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சிப்பின் சூடு முதலில் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடு பள்ளம்தான். அடி நெளிந்த பாத்திரத்தை ஹாட் பிளேட்டில் வைத்தால் இடையில் காற்று நின்று சூடேறாமல் படுத்துமே, அந்தக் கதை. செம்போடு ஒப்பிட்டால் காற்று சுமார் 15,000 மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் ‘தெர்மல் பேஸ்ட்’ என்ற சாம்பல் நிறப் பசை. ஆண்டுகள் போனால் அது காய்ந்து வெடிக்கும்; சூடும் தயங்கித் தயங்கித்தான் ஏறும்.

அடுத்தது அந்தச் செம்புக் குழாய். பார்வைக்குச் சாதாரணம், எனக்கோ இந்தப் பெட்டியிலேயே பிடித்த பொருள் அதுதான். அதை வெறும் செம்புக் கம்பி என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி நீரை விட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே நடப்பது இட்லிப் பானையில் நடப்பதேதான். அடியில் நீர் ஆவியாகிறது, ஆவி மேலே போகிறது, குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியாகிறது, துளி மறுபடி அடிக்கு வருகிறது. குழாயில் சிப் இருக்கும் முனை பானையின் அடி. தகடுகள் இருக்கும் முனை மூடி. பானையில் துளி தானாகச் சொட்டிவிடும். குழாய் படுத்த வாக்கில் கிடப்பதால் சொட்ட வழியில்லை. அதனால் உட்சுவரில் செம்புத் தூளைச் சுட்டுப் பிடித்த ஒரு பஞ்சு மாதிரிப் படலம் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது நீரை மறுபடி சூடான முனைக்கு இழுத்து வருகிறது. உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் நீர் ஆவியாக 100 டிகிரி வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு வெகு முன்பே ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 2,200 ஜூலுக்கு மேல் வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. 30 வாட் சூட்டைக் கொண்டு ஒரு கிராம் நீரை ஆவியாக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் சில துளி போதுமானதாக இருக்கிறது. அமெரிக்காவில் இந்த யோசனைக்கு 1944-லேயே காப்புரிமை உண்டு, கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக இதே வழியைக் கண்டு செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. குரோவர் விண்வெளிக்காக யோசித்த பொருள் இன்று நம் மடியில் கிடக்கிறது. இதற்கு ஓடும் பாகம் இல்லை, சத்தமும் கிடையாது.

சத்தம் எல்லாம் கடைசிப் பாகத்தில்தான். லேப்டாப் ஃபேன் காற்றை அடிப்பக்கத் துளை வழியாக மேலிழுத்து, பக்கவாட்டில் திருப்பி, தகடுகளின் இடுக்கில் தள்ளுகிறது. எவ்வளவு வேகம் என்பதை அது தானாக முடிவு செய்வதில்லை. போர்டில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப்பிடம் பட்டியல் இருக்கிறது. இத்தனை டிகிரி ஆனால் இத்தனை சுற்று. ஃபேன் சொன்னபடி ஓடும் வேலையாள், அவ்வளவுதான். அதைத் திட்டிப் பயனில்லை.

அது ஏன் இவ்வளவு கீச்சென்று காதில் ஏறுகிறது? சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று, நாலைந்து இறக்கை. நொடிக்கு நூறு முறைபோல இறக்கைகள் காற்றை வெட்டும். அது ‘ஹூம்’ என்ற கட்டைக் குரல். லேப்டாப் ஃபேன் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடுகிறது, அதில் 31 இறக்கைகள் என்று வையுங்கள். நொடிக்கு 2,000 முறைக்கு மேல் வெட்டு விழும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. ஃபேனின் கீச்சுக் குரல் சரியாக அங்கேதான் வந்து உட்காருகிறது. ஆப்பிள் 2012-இல் விட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ஃபேன் இறக்கைகளைச் சம இடைவெளி இல்லாமல் அமைத்ததற்குக் காரணம் இதுதான். வெட்டுகள் சீராக விழாவிட்டால் சத்தம் ஒரே சுருதியில் குவியாமல் பல சுருதிகளில் சிதறிவிடும். காது அதை இரைச்சலாகக் கேட்கும், கீச்சாகக் கேட்காது.

இங்கே நமக்குச் சாதகமான ஒரு கணக்கும் இருக்கிறது. ஃபேனின் சுற்று வேகம் இரட்டித்தால் காற்று இரட்டிக்கும். சத்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். காதுக்கு 10 டெசிபல் ஏற்றமே இருமடங்குச் சத்தமாகப் படும். சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் ஐந்தாம் அடுக்குப்படி எகிறுவதால் வரும் விளைவு இது. இதையே திருப்பிப் பாருங்கள்: வேகத்தில் 20 சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கிவிடுகிறது. லேப்டாப்பைப் பனிக்கட்டி ஆக்கத் தேவையில்லை. சூட்டை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் குறைத்தாலே காதுக்குப் பெரிய நிம்மதி.

ஆகவே இரைச்சல் கேட்டால் முதலில் அடுப்பைப் பாருங்கள். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். சி.பி.யூ. (ப்ராசசர்தான்) என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் எரிப்பவர் மேலே வந்து நிற்பார். பெரும்பாலும் நீங்கள் அடுப்பில் வைத்ததே நினைவில் இல்லாத பாத்திரங்கள்தான் இருக்கும்: வைரஸ் தடுப்பு மென்பொருளின் முழுச் சோதனை, பின்னணியில் இறங்கும் அப்டேட், ஃபைல்களைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்தும் வேலை, நேற்றுத் திறந்த பிரவுசர் பக்கத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் விளம்பரம். அப்டேட்டையும் சோதனையையும் முடிய விடுங்கள், பாதியில் நிறுத்தினால் நாளைக்கு மறுபடி தொடங்கும். பிரவுசர் பக்கத்தை இரக்கமில்லாமல் மூடுங்கள்.

யூடியூப் பார்க்கும்போது மட்டும் இரைகிறதா? வீடியோ பல வகைச் சுருக்கங்களில் வருகிறது. அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கத் தனிப் பகுதி சிப்பில் இருந்தால் வேலை சத்தமில்லாமல் முடியும். இல்லாவிட்டால் முழு அடுப்பையும் ஏற்றித்தான் பிரிக்க வேண்டும். ஏவி1 என்ற புதிய சுருக்கத்துக்கான அந்தப் பகுதி இன்டெல் லேப்டாப் சிப்புகளில் 2020-இன் 11-ஆம் தலைமுறையிலிருந்துதான் வருகிறது. பழைய லேப்டாப்பில் வீடியோவின் தரத்தை 1080-இலிருந்து 720-க்கு இறக்கினாலே போதும், ஃபேன் அடங்கும். சின்னத் திரையில் வித்தியாசமும் தெரியாது.

அடுப்பில் ஒன்றுமே இல்லை, சி.பி.யூ. நாலைந்து சதவீதத்தில் தூங்குகிறது, ஆனாலும் ஃபேன் கத்துகிறது என்றால் கோளாறு ஜன்னலில். லேப்டாப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மெத்தை மேலோ தலையணை மேலோ இருந்தால் அடித்துளைகள் முழுதாக மூடிவிடும். மேசைக்கு மாற்றுங்கள், பின்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைக் குறுக்கே வைத்து, துளைகளை மறைக்காமல் இரண்டு விரல் உயரம் தூக்கிவிடுங்கள். காசில்லாத வைத்தியம். கடையில் விற்கும் கூலிங் பேடுகளில் பலவும் செய்யும் உபகாரம் பெரும்பாலும் இந்தத் தூக்கல்தான் என்பது என் கருத்து. அவற்றின் ஃபேன் இன்னொரு சத்தம்.

வெயிலையும் மறக்க வேண்டாம். எந்த ஃபேனாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர முடியாது. சிப்பை 80 டிகிரியில் பிடித்து வைக்க வேண்டும். மார்கழியில் அறை 25 டிகிரி என்றால் இடைவெளி 55. கத்திரி வெயிலில் அறை 38 டிகிரி என்றால் இடைவெளி 42 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதே வேலைக்குக் குறைந்தது 30 சதவீதமாவது கூடுதல் காற்று வேண்டும், மேலே சொன்ன கணக்குப்படி 6 டெசிபல் கூடுதல் சத்தம். பல லேப்டாப்புகளின் விவரக் குறிப்பிலேயே இயங்கும் சூழலுக்கு 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். சென்னையின் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத மாடி அறைகள் அந்த எல்லையை வெகு சாதாரணமாகத் தாண்டும். ஆகவே மே மாதத்தில் மட்டும் இரையும் லேப்டாப்புக்குச் செலவு செய்யாதீர்கள்.

இனி, தீயைச் சிம்மில் வைக்கும் வழி. கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் சூடு அதிகம் என்று முன்பு பார்த்தோம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போனால் ‘மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்’ என்று ஒரு வரி இருக்கும், 100 சதவீதம் என்று. அதை 99 ஆக்கினால் பல லேப்டாப்புகளில் டர்போ நின்றுவிடும். பெயருக்கு ஒரு சதவீதம்தான் குறைத்திருப்போம், அடுப்போ முழுத் தீக்கு ஏறவே ஏறாது. கடிதம் அடிப்பவர், கணக்கு எழுதுபவர், பாடம் பார்ப்பவர் இந்த இழப்பை அநேகமாக உணரமாட்டார்கள். வீடியோ எடிட் செய்பவர் உணர்வார். புது லேப்டாப்புகள் சிலவற்றில் அந்த வரி கண்ணில் படாது. அங்கே செட்டிங்ஸில் பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றலாம், அல்லது தயாரிப்பாளரின் ஆப்பில் ‘கொயட்’, ‘சைலண்ட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இவை தீயையும் சேர்த்துக் குறைக்கின்றன, அதனால் நல்லவை. தீயை அப்படியே எரியவிட்டு ஃபேனை மட்டும் கையால் மெதுவாக்கும் மென்பொருள்களும் உண்டு. மீன் வறுபடும்போது எக்ஸாஸ்டை அணைப்பதற்குச் சமம் அது. சிப் தன்னைக் காத்துக்கொள்ளும், 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் கிடக்கும் பேட்டரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சூட்டில் சீக்கிரம் கிழடாகும், சில சமயம் உப்பும். டச்பேட் மேலெழும்பி வந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

ஈரத்துணி போர்த்துவது, ஐஸ் பொதி மேல் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் துளியாகும், துளி போர்டில் விழும்.

இத்தனையும் செய்தும் அடங்காவிட்டால் தூசிதான். எக்ஸாஸ்ட் ஃபேனின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும் அல்லவா? லேப்டாப்பில் அந்தக் கம்பளி ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில் விரித்துக் கிடக்கும். ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுழலும், காற்று வெளியே வராது. சோதனை எளிது: சத்தம் உச்சத்தில் இருக்கும்போது காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள். இரைச்சலுக்கு ஏற்ற காற்று வராமல் லேசாக மட்டும் கசிந்தால் உள்ளே கம்பளி விரிந்துவிட்டது.

வாரன்டி முடிந்திருந்து, கையும் நிதானமாக இருந்தால் வீட்டிலேயே சுத்தம் செய்யத் துணியலாம். முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். திருகுகள் ஒரே நீளமாக இருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று தாளில் படம் போட்டு அந்தந்த இடத்தில் வையுங்கள். ஃபேனின் மேல்தகட்டைக் கழற்றினால் தூசிக் கம்பளி முழுதாகக் கையோடு வரும். மீதியைக் காற்று பம்ப்பாலும் மெல்லிய தூரிகையாலும் தட்டலாம். காற்று அடிக்கும்போது ஃபேனை ஒரு ஈர்க்குச்சியால் பிடித்துக்கொள்வது முக்கியம்; கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் கெடும், சுழலும் ஃபேன் ஒரு குட்டி டைனமோவாகி மின்சாரத்தைப் போர்டுக்குள் அனுப்பவும் கூடும். வீட்டு வேக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் போர்டுக்குப் பகை. தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட வேண்டுமானால் செம்புக் குழாய்த் தொகுதியையே எடுக்க வேண்டியிருக்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் அதைக் கடைக்கு விட்டுவிடுவது நல்லது.

ஃபேன் உண்மையாகவே கெட்டுப்போவதும் உண்டு, அதன் குரல் வேறு. காற்றின் ‘உஸ்’ இல்லாமல் ‘கரகர’ என்றோ ‘டக் டக்’ என்றோ வந்தால், லேப்டாப்பைச் சாய்க்கும்போது அந்தக் குரல் மாறினால், பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. அதற்கு ஃபேனை மாற்றுவதுதான் வழி. இன்னொரு குரலும் உண்டு: பக்கத்தை உருட்டும்போது மட்டும் வரும் மெல்லிய ‘ங்ஈ’. அது ஃபேன் கிடையாது. போர்டில் உள்ள சுருள்கள் மின்னோட்டத்தில் அதிர்வது. எரிச்சலாக இருக்கும், ஆபத்தில்லை.

ஃபேனே இல்லாத லேப்டாப் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். ஆப்பிள் 2020 நவம்பரில் விட்ட எம்1 மேக்புக் ஏரில் ஃபேன் இல்லை. சிக்கனமாக எரியும் அடுப்பு என்பதால் எக்ஸாஸ்ட் இல்லாமலேயே ஓட்டிவிடுகிறது. வேலை நீண்டு சூடு ஏறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுதவும் படிக்கவும் அது போதும். மணிக்கணக்காக வீடியோ வேலை செய்பவருக்கு இரையும் ஃபேன்தான் லாபம்.

கடைக்குத்தான் போவது என்று முடிவானால் ஃபைல்களை முதலில் நகல் எடுத்துவிடுங்கள். கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் தூசியைக் காட்டச் சொல்லுங்கள். அதை எடுத்துவிட்டுப் பழைய ஃபேனையே ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். சத்தம் அடங்கிவிட்டால் சுத்தம் செய்த கூலியை மட்டும் கொடுங்கள், புது ஃபேனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.